1 டெராபைட் டிஸ்க்கில் ரூட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி (கல்லடி):
எங்கள் ஸ்டூடியோ கணினிக்கு மறுபடி டெபியன் லினக்ஸ் போடப் போகிறேன். 1 டெராபைட் டிஸ்க், 8 ஜிபி ராம். போன முறை ரூட்டுக்கு (சிஸ்டம் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதி) 20 ஜிபிதான் கொடுத்தேன், கல்யாண ஆல்பம் ஒன்று பாதியில் நிற்கும்போது லாக் கோப்புகளால் (சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவுகள்) ரூட் நிரம்பி, பாஸ்வேர்ட் அடித்தால் திரும்பவும் லாகின் திரைதான் வந்தது. அண்ணாமார் சொல்லுங்கள்.

பதில் (களுவாஞ்சிக்குடி):
தம்பி, ரூட்டுக்கு 60 ஜிபி, மிச்சம் முழுக்க உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கு. ஸ்வாப் (ராம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) 4 ஜிபி போதும், ஹைபர்நேட் (ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைப்பது) செய்வீர்கள் என்றால் ஸ்வாப்பை ராமை விடச் சற்றுக் கூடவே வையுங்கள். அப்புறம், எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் (கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் முறை) வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகி கணக்கு) ஒதுக்கி வைக்கும், 900 ஜிபியில் அது 45 ஜிபி! படம் மட்டும் வைக்கும் பார்ட்டிஷனில் அது வீண். டியூன்2எஃப்எஸ் கட்டளையில் 1 சதவீதமாகக் குறைத்தால் 36 ஜிபி திரும்பக் கிடைக்கும். ரூட் பார்ட்டிஷனில் மட்டும் அதில் கைவைக்காதீர்கள், டிஸ்க் நிரம்பினாலும் உள்ளே போய்த் துப்புரவாக்க அந்த இடம்தான் உதவும்.

பதில் (அக்கரைப்பற்று):
ஐநோடையும் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் விவரப் பதிவு) பாருங்கள். எக்ஸ்ட்4 சாதாரணமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று என்று ஃபார்மட் செய்யும்போதே ஐநோட் எண்ணிக்கையை முடிவுசெய்துவிடும், பிறகு கூட்ட வேண்டுமென்றால் பார்ட்டிஷனைப் பெருப்பிக்க வேண்டும். எனக்கு ஒருமுறை பாதி டிஸ்க் காலியாக இருந்தும் இடமில்லை என்றே வந்தது, பார்த்தால் லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள், ஐநோட் தீர்ந்துவிட்டது. உங்கள் படங்கள் பெரியவை, அதனால் பயமில்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல்சிஸ்டம் போட்டால் பிறகு பார்ட்டிஷனைச் சுருக்குவது கஷ்டம், எக்ஸ்ட்4 போதும்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணா, 60 ஜிபியே போடுகிறேன். முதலில் பழைய ஆல்பங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்குவேன்.