டோக்கனை எந்தத் தளத்தில் ஒட்டுகிறீர்கள்?

கறுப்புத்திரை:
எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி நேற்று புரொடக்‌ஷன் டோக்கனை (உள்ளே நுழையவிடும் ரகசியச் சாவி), பிரித்துப் படித்துக் காட்டும் ஏதோ ஒரு டீகோடர் தளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், "பிரவுசரிலேயே ஓடுது அண்ணா, சர்வருக்குப் போகாதுன்னு போட்டிருக்கு" என்கிறார். போட்டிருந்தால் போதுமா? 2025 நவம்பரில் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சொன்னதைப் படித்தீர்களா? தரவை அழகாக அடுக்கிக் காட்டும் ஜேசான்ஃபார்மேட்டர், கோட்பியூட்டிஃபை தளங்களில் ஆட்கள் சேமித்துவைத்த 80,000-க்கும் மேற்பட்ட துண்டுகளை எடுத்திருக்கிறார்கள். உள்ளே பாஸ்வேர்டு, கிளவுட் சாவி எல்லாம். கட்டளை தட்டும் டெர்மினலில், ஜேசான் தரவைப் பிரித்துக் காட்டும் ஜேக்யூ இருக்கும்போது தளம் எதற்கு?

பிக்சல்ராணி:
இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். அங்கே சேவ் பொத்தானை அழுத்தினார்கள், அது சர்வரில் போய் உட்கார்ந்தது. நான் சொல்வது படம் சுருக்கும் ஸ்குவூஷ் தளம் மாதிரி. கூகுளின் குரோம் ஆட்கள் 2018-ல் வெளியிட்டது. பிரவுசருக்குள்ளேயே புரோகிராமை வேகமாக ஓட்டும் வெப்அசெம்பிளியில் ஓடுவதால் படத்தைச் சுருக்கும் வேலை முழுவதும் நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கும். நான் டிசைனர் சார், ஒரு பேனரை வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்ற என்னை டெர்மினலுக்குத் துரத்தாதீர்கள். சந்தேகமா? எஃப்12 தட்டி நெட்வொர்க் டேபைப் பாருங்கள், எது வெளியே போகிறது என்று தெரியும். இல்லையா, பக்கம் ஏறியதும் வைஃபையை அணையுங்கள். அப்போதும் வேலை நடந்தால் முடிந்தது கதை.

கறுப்புத்திரை:
முடியவில்லை. வைஃபை இல்லாதபோது பிரவுசர் சேமிப்பில் ஒளித்துவைத்து, திரும்ப வந்ததும் அனுப்ப நாலு வரி போதும். இன்று நீங்கள் சோதித்த புரோகிராம் கோடுதான் நாளைக்கும் வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? உங்கள் ஸ்குவூஷே படத்தை அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டு, சுருக்குவதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவை கூகுள் அனலிடிக்ஸுக்குக் கொடுப்பதாக அதன் கோடு இருக்கும் கிட்ஹப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

பிக்சல்ராணி:
அளவுதானே போகிறது, படம் இல்லையே! அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பயமென்றால் இன்காக்னிட்டோவில் திறங்கள், வேலை முடிந்ததும் ஜன்னலை மூடிவிட்டு அப்புறம் வைஃபையைப் போடுங்கள். ஒளித்துவைத்தது அதோடு போய்விடும்.

சும்மா_வந்தவன்:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். தரவைப் பிரித்து, மாற்றிக் காட்டும் சைபர்செஃப் கருவி பற்றி யாரும் பேசவில்லையே? பிரிட்டனின் ஜிசிஎச்க்யூ 2016-ல் திறமூலமாக விட்டது. ஆமாம், ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்கும் அதே உளவு நிறுவனம்தான், சிரிக்காதீர்கள். ஜிப்பை இறக்கி, உள்ளிருக்கும் எச்டிஎம்எல் கோப்பைத் திறந்தால் நெட்டே வேண்டாம். பேஸ்64 குறியாக்கத்தை அவிழ்ப்பது, தரவுக்குக் கைரேகை மாதிரி ஹாஷ் எடுப்பது, டோக்கன் பிரிப்பது எல்லாம் இருக்கிறது. டிஸ்கில் இருக்கும் கோடு ராத்திரியோடு ராத்திரியாக மாறாது.

கறுப்புத்திரை:
சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரவுசரில் நாம் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்? "எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்க" அனுமதி வாங்கிய கூப்பன் எக்ஸ்டென்ஷன் ஒன்று உட்கார்ந்திருந்தால், தளம் எவ்வளவு யோக்கியமாக இருந்து என்ன பயன்?

பிக்சல்ராணி:
தளத்தில் படிக்கும், சரி. டிஸ்கிலிருந்து திறக்கும் கோப்பை, நாமாக அனுமதி கொடுக்காதவரை, குரோமில் எக்ஸ்டென்ஷன் தொட முடியாது. ஜிப்தான் ஜெயித்தது, நானும் இன்றே இறக்கிக்கொள்கிறேன். ஸ்குவூஷை மட்டும் விடமாட்டேன். க்ளையன்ட் பேனர் எப்படியும் அடுத்த வாரம் ஊருக்கே தெரியப்போகிறது, அதில் என்ன ரகசியம்?

சும்மா_வந்தவன்:
அதெல்லாம் இருக்கட்டும். அந்தத் தம்பி ஒட்டிய டோக்கனைச் செல்லாததாக்கிவிட்டீர்களா?

கறுப்புத்திரை:
இருங்கள், வருகிறேன்.