குடும்பக் குழு: 19,000-ஆ, 86,000-ஆ?

செந்தூல் தம்பி: மாமா, வாங்குவதற்கு இரண்டு பழைய யமஹா எஃப்ஜேஆர் 1300 மோட்டார் சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2010 மாடல். ரவாங்கில் இருக்கும் மோட்டார் 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கிள்ளானில் இருப்பது 86,000, விலை 4,000 வெள்ளி குறைவு. ரவாங்குக்கு முன்பணம் கட்டிவிடட்டுமா?

பினாங்கு மாமா: கட்டாதே. வேலையில் இருக்கிறேன், பத்து நிமிடம் பொறு.

அத்தை: அவ்வளவு பெரிய மோட்டாரா? உன் லைசென்ஸ் சின்ன மோட்டாருக்கான பி2 தானே ஐயா?

செந்தூல் தம்பி: பெரிய மோட்டாருக்கான பி ஃபுல் எடுத்துவிட்டேன் அத்தை. போன வருடமே.

பினாங்கு மாமா: சரி, வந்துவிட்டேன். 15 வருடத்தில் 19,000 என்றால் வருடத்துக்கு 1,300கூட இல்லை. கோலாலம்பூரிலிருந்து ஒரு தடவை இங்கே வந்து திரும்பினாலே 700 ஆகிவிடும். ஒன்று, மீட்டரை மாற்றியிருக்கிறார்கள். இல்லையென்றால் மோட்டார் மூலையில் கிடந்திருக்கிறது. இரண்டாவதுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

செந்தூல் தம்பி: ஓடாதது புதுசு மாதிரிதானே மாமா?

பினாங்கு மாமா: இல்லை தம்பி. நின்றே கிடந்தால் பெட்ரோல் கெடும், டாங்குக்குள் துரு பிடிக்கும், ஃபோர்க் சீல் காய்ந்து ஆயில் கசியும். நான் 22,000 ஓடிய ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். கிரிக் – ஜெலி ரோட்டில் ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. துரு போய் பில்டரை அடைத்திருக்கிறது. பின்னால் உன் அத்தை. போனில் லைன் இல்லை. எதிரே யானை கடக்கும் இடம் என்று பலகை.

அத்தை: இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு லாரிக்காரர் மட்டும் நிறுத்தாவிட்டால்... இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. மாமா சொல்வதைக் கேள் ஐயா.

செந்தூல் தம்பி: ஆனால் 86,000 பயமாக இருக்கிறதே?

பினாங்கு மாமா: அந்த இன்ஜினுக்கு அது பெரிதே இல்லை. 1,298 சிசி, நாலு சிலிண்டர், ஹைவேயில் அலுங்காமல் ஓடும். பின் சக்கரத்தைச் சுற்றச் செயினும் கிடையாது, ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டுதான். வால்வு கிளியரன்ஸ், அதாவது இன்ஜின் வால்வின் இடைவெளியை, 42,000-க்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். அப்படியென்றால் 84,000-ல் இரண்டாவது தடவை. அதற்கு ரசீது இருக்கிறதா, கேள்.

செந்தூல் தம்பி: கேட்டேன். 85,000-ல் பார்த்திருக்கிறார். ரசீதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

பினாங்கு மாமா: அருமை! இவர் மோட்டாரைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தவர். நாம் போவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடு. இன்ஜின் சில்லென்று இருக்கும்போதுதான் உண்மை தெரியும். டிக் டிக் சத்தம் நிற்காமல் வந்தால், இன்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் கோளாறு. நடு ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரம் தரையில் படாமல் ஹாண்டிலைத் திருப்பும்போது நடுவில் பிடித்தால் ஹாண்டில் பேரிங்கில் கோளாறு. அப்புறம், ரவாங் மோட்டாரின் டயரில் கடைசி 4 எண் என்ன?

செந்தூல் தம்பி: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1410.

பினாங்கு மாமா: 2010-ன் 14வது வாரம் செய்த டயர். மோட்டாரோடு வந்தது. அதிகம் ஓடியிருந்தால் எப்போதோ மாற்றியிருப்பார்கள். 19,000 உண்மையாகத்தான் இருக்கும், அத்தனை வருடமும் கிடந்திருக்கிறது. அதை விடு. கிள்ளான்காரரிடம் கெரானில், அதாவது மோட்டாரின் பதிவுப் பத்திரத்தில், கடன் கொடுத்த பேங்க் பெயர் இருக்கிறதா என்று இன்றே கேள். சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் காலை ரயில் ஏறுகிறேன். நான் வரும்வரை பணம் கொடுக்காதே.

செந்தூல் தம்பி: சரி மாமா. கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் காத்திருக்கிறேன்.