'ரோடு எஃபெக்ட் ஸோன்': கலைச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், கோவை:
குழுவினருக்கு வணக்கம். முதுகலை விலங்கியல் நூலொன்றில் பாலைவனப் பூச்சிகளைப் பற்றிய இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சாலையின் சூழலியல் விளைவுகள் இருபுறமும் எதுவரை எட்டுகின்றனவோ அந்த நிலப்பகுதியை சூழலியலாளர் ரிச்சர்ட் ஃபோர்மன் முதலானோர் 'ரோடு எஃபெக்ட் ஸோன்' என்கின்றனர். 'சாலைப் பாதிப்பு மண்டலம்' பொருந்துமா?

பூச்சியியல் பேராசிரியை, மதுரை:
பொருந்தாது. 'பாதிப்பு' என்றதுமே மாணவர் கேடு என்று முடிவுகட்டிவிடுவார். நியூ மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் தார்ச்சாலையோரக் கிரியோசோட் புதர்களை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. தாரில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்க வழியின்றி ஓரத்துக்கு வழிந்துவிடுவதால், அங்குள்ள புதர்கள் தள்ளி நிற்பவற்றைவிடத் தழைக்கின்றன. இலையில் நைட்ரஜன் கூடுகிறது. அந்தப் புதர்களில் வாழும் பூச்சிகளும் பெருகுகின்றன. எண்ணிக்கை பெருகினால் வகைமையும் பெருகியதாகாது என்பது தனிச் செய்தி. பறக்க இயலாத டெனிபிரியனிட் வண்டுகள் பாலைவனங்களில் மிகுதி. அவற்றுக்கு அதே சாலை தடையாகலாம். இரண்டுக்கும் இடம்தரும் 'விளைவு' என்பதே தகும்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:
'விளைவு' நற்றமிழ், ஏற்கிறேன். 'மண்டலம்' வடசொல். 'சாலை'யோ பாடசாலை, அறச்சாலை என்று கூடத்தைக் குறித்து வந்த சொல். பாலைத்திணைப் பாடல்களில் சுரத்தினூடே செல்லும் வழிக்கு 'அதர்' என்ற அருஞ்சொல் இருக்க, நாம் ஏன் கையேந்த வேண்டும்? 'ஆறு' என்பதும் வழியே, ஆற்றுப்படையை நினைவுகூர்க. ஆனால் இன்று அது நதியாகிவிட்டது. 'அதர்விளைபுலம்' என்க. தொல்காப்பியர் பாலைக்கென நிலம் வகுக்கவில்லை என்பதால் 'பாலைவனம்' என்பதையும் மறுபரிசீலனை செய்யலாம்.

பூச்சியியல் பேராசிரியை:
ஐயா, பாலைவனத்தை இந்த வாரம் விட்டுவிடுவோம். அதர் என்பது காலடி பட்டுத் தேய்ந்த தடம். அதில் மழைநீர் இப்படி ஓரத்தில் சேராது. இங்கே நீரைத் தள்ளிவிடும் தார்தான் பேச்சே. 'மண்டலம்' வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன், காரணம் வேறு. அந்தச் சொல் வட்டத்தை நினைவூட்டுகிறது. இந்தப் பகுதியின் விளிம்போ சீரற்றது. சரிவான இடத்தில் நீர் ஒருபுறமே சேரும், இலையுண்ணும் பூச்சிக்கு உள்ள எல்லை வண்டுக்கு இராது. 'பரப்பு' என்றால் வடிவம் எதையும் திணிக்காது.

மொழிபெயர்ப்பாளர்:
நால்வர் தனிமடலில் ஆதரித்திருப்பதால் 'சாலைவிளைவுப் பரப்பு' என்றே அனுப்புகிறேன். 'அதர்' அருஞ்சொற்பட்டியலில் இடம்பெறும்.

தமிழாசிரியர்:
பட்டியலில் இடம்பெறுவது சொல்லுக்குச் செய்யும் ஈமக்கடன். என் மறுப்பைப் பதிவு செய்க.

ஆசிரியர், யாழ்ப்பாணம்:
பிந்தி வந்தமைக்கு மன்னிக்கவும். எங்கள் மாணவருக்கு அது 'வீதி'. வீதி அபிவிருத்தி அதிகார சபை என்றுதான் பலகையிலும் இருக்கிறது. கல்வி வலயம் என்று தினமும் சொல்பவர்களுக்கு 'வலயம்' வட்டமாகவும் தோன்றாது. இங்கே நாங்கள் 'வீதி விளைவு வலயம்' என்றே கற்பிப்போம்.