மூத்திரத்தில் புரதம் பார்க்கிற டெஸ்ட்: கண்ட பிழைகளைப் போடுங்க

மார்த்தாண்டம் லேப்:
சிறுநீர்ப்பைக் கேன்சருக்கு என்.எம்.பி.22 கேசட் (மூத்திரத்தில் செல் நியூக்ளியஸ் புரதத்தைத் தேடுற டெஸ்ட் அட்டை) போடுறவங்க, எங்கெங்கே தப்புதுன்னு எழுதுங்க. நான் தொடங்குறேன். மூத்திரம் நாலே சொட்டு. பிடிச்ச 2 மணி நேரத்துக்குள்ள போடணும். போட்ட பிறகு 30 நிமிஷத்துக்கு முன்னாலயும் பார்க்கக்கூடாது, 50 தாண்டியும் பார்க்கக்கூடாது. அந்த நேரத்துக்குள்ள டெஸ்ட் கோடு எவ்வளவு மங்கலா இருந்தாலும் பாசிட்டிவ்தான். கேசட் வேலை செய்யுதுன்னு காட்டுற கன்ட்ரோல் கோடு வரலையா, கேசட்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற போடுங்க. டெஸ்ட் கோடு எத்தனை பளிச்சுன்னு இருந்தாலும் கணக்கில்லை.

களியக்காவிளை யூராலஜி நர்ஸ்:
அண்ணே, இங்கே சிக்கலே அந்த 2 மணி நேரம்தான். விடியக்காலம் வீட்டில் பிடிச்சு, சோத்துப் பாத்திரத்தோட பையில் வச்சு, திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறிடுறாங்க. பாலராமபுரம் நெரிசலில் மாட்டினா தீர்ந்துது. சூட்டில் செல்கள் உடைஞ்சு உள்ளே இருக்கிற நியூக்ளியஸ் புரதம் வெளியே கசியும். இல்லாத உயர்வு இருக்கிற மாதிரி தெரியும். பாட்டிலும் பாருங்க: கழுவின இருமல் மருந்துப் பாட்டில் வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கே தர்ற டப்பாவில் பிடிக்கச் சொல்லுங்க. அதுவும் சிஸ்டோஸ்கோப்பி குழாய் (சிறுநீர்ப்பைக்குள்ள பார்க்கிற கேமராக் குழாய்) உள்ளே போறதுக்கு முன்னால. குழாய் போயிட்டு வந்தா உட்சுவர் உரசி, ரத்தமும் செல்லும் கலந்துடும்.

நாகர்கோவில் பெத்தாலஜி:
ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். சைட்டாலஜிக்கு (மூத்திரத்தில் உதிர்ந்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறதுக்கு) அனுப்புற மூத்திரமும் இதுவும் ஒண்ணில்லை. சைட்டாலஜிக்குக் காலையில் முதலில் போறது ஆகாது, ராத்திரி முழுக்க ஊறின செல்கள் சிதைஞ்சிருக்கும். ரெண்டாவதா போறதில் குறைஞ்சது 30 மில்லி வேணும். அனுப்பத் தாமதமானா 50 சதவீத ஆல்கஹால் சம அளவு சேர்க்கலாம். அந்த ஆல்கஹால் பாட்டிலையே கேசட்டுக்கும் எடுத்துடாதீங்க; ரெண்டு டப்பா, ரெண்டு லேபிள்.

பி.டி.ஏ. (சிறுநீர்ப்பைக் கேன்சருக்கான இன்னொரு மூத்திர டெஸ்ட்) போடுறவங்களுக்கு: அது தேடுறது நோய் எதிர்ப்பில் பங்கெடுக்கிற காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் ஹெச் சம்பந்தப்பட்ட புரதம். ஃபேக்டர் ஹெச் ரத்தத்திலேயே நிறைய இருக்கு. மூத்திரம் சிவந்திருந்தா பாசிட்டிவ் வந்ததில் அதிசயமில்லை. கிருமித்தொற்று, கல்லு, சிறுநீர்க்குழாயில் வச்ச ஸ்டென்ட், கேன்சர் திரும்ப வராம இருக்கச் சிறுநீர்ப்பைக்குள்ளே பி.சி.ஜி. மருந்து ஏத்தின சமயம், இதெல்லாம் ரெண்டு டெஸ்டையும் ஏமாத்தும். முதலில் மைக்ராஸ்கோப்பில் சீழ்செல் பாருங்க. இருந்தா தொற்றை ஆத்திட்டுத்தான் மறுபடி.

மார்த்தாண்டம் லேப்:
டாக்டர், பாசிட்டிவ்னு எழுதின உடனே வீட்டுக்காரங்க அழ ஆரம்பிச்சுடுறாங்க. அதுக்கு என்ன சொல்றது?

நாகர்கோவில் பெத்தாலஜி:
கணக்குப் போட்டுக் காட்டுங்க. நூறு பேரில் 5 பேருக்குத்தான் கேன்சர்னு வச்சுக்குவோம். டெஸ்ட் நூத்துக்கு 60 கேன்சரைப் பிடிக்கும், கேன்சர் இல்லாதவங்களில் நூத்துக்கு 80 பேரைச் சரியா நெகட்டிவ்னு சொல்லும்னு ஒரு பேச்சுக்கு எடுத்துக்கிட்டா, உண்மையான பாசிட்டிவ் 3, கேன்சர் இல்லாமலே வர்ற வெறும் பாசிட்டிவ் 19. அதே கணக்கில் 2 பேர் நெகட்டிவ்னு நழுவிப் போறாங்க; எனக்கு அதுதான் பெரிய பயம். நழுவுறதில் லோ கிரேடு (மெதுவா வளர்ற) சின்னக் கட்டிகள் அதிகம்.

களியக்காவிளை யூராலஜி நர்ஸ்:
'நெகட்டிவ்தானே, இந்தத் தடவை குழாய் வேண்டாமே'ன்னு கேட்கிறவங்களை எப்படியும் கூட்டிட்டு வரணும். கட்டியைச் சுரண்டி எடுத்து 3 மாசத்தில் முதல் சிஸ்டோஸ்கோப்பி. ஹை ரிஸ்க்னா ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. கேசட்டுக்காக அதைத் தள்ளிப்போட முடியாது.

நாகர்கோவில் பெத்தாலஜி:
சரியாச் சொன்னீங்க சிஸ்டர். திரும்ப வருமா, தசைக்குள்ள இறங்குமான்னு முன்கூட்டிச் சொல்றதுக்கு இப்பவும் நாங்க நம்புறது கிரேடு, டி1-ஆ (உட்சுவர்த் தோலுக்கு அடியில் இறங்கினது) டிஏ-வா (தோலோட நின்னது), கூடவே சி.ஐ.எஸ். (உட்சுவரில் தட்டையாப் பரவுற ஹை கிரேடு கேன்சர்) இருக்கா, கட்டி எத்தனை, 3 சென்டிமீட்டரைத் தாண்டுதா, இதையெல்லாம்தான். புரத டெஸ்ட் முடிவை அதுக்குப் பக்கத்தில் வச்சுப் படிக்கலாம், அதுக்குப் பதிலா வைக்க முடியாது. தொற்றும் இல்லை, கல்லும் இல்லை, உள்ளே பார்த்தா சுத்தமா இருக்கு, ஆனாலும் பாசிட்டிவே வருதுன்னா சும்மா விடாதீங்க. சைட்டாலஜியைத் திருப்பிப் போடுங்க, மேலே கிட்னியும் யூரிட்டரும் (கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு வர்ற குழாய்) சி.டி. யூரோகிராமில் (சாயம் ஏத்தி எடுக்கிற ஸ்கேனில்) பாருங்க. தட்டையான சி.ஐ.எஸ். வெள்ளை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பும்.

மார்த்தாண்டம் லேப்:
அப்போ ரிப்போர்ட்டில் பிடிச்ச நேரம், போட்ட நேரம், படிச்ச நேரம், மூத்திரத்தின் நிறம், சீழ்செல் எத்தனை, இந்த அஞ்சையும் எழுதியே அனுப்புறேன்.