நல்ல நேரங்களை எப்படிச் சேர்த்து வைக்கிறீர்கள்?

மாயூரத்தான்:
வணக்கம். மயிலாடுதுறையில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தை மாதம் அப்பா தவறிவிட்டார். பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. விளக்கு வைக்கும் நேரமானால் எதிலும் மனம் ஒட்டுவதில்லை. அன்றன்று நடந்த நல்லதை எழுதி வை, சோர்வு வரும்போது எடுத்துப் படி என்றாள் அக்கா. எழுதுகிறேன். "மழை பெய்தது, நன்றாக இருந்தது." "தங்கை மகன் வந்தான், சந்தோஷம்." திரும்பப் படித்தால் யாரோ ஒருவருடைய பேரேட்டைப் புரட்டுவது போல் இருக்கிறது. கைப்பேசியில் படங்கள் குவிந்து கிடக்கின்றன. முகங்கள் தெரிகின்றன, அந்த நேரம் திரும்பி வருவதில்லை. இதில் பழக்கமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கடைமடை விவசாயி:
திருத்துறைப்பூண்டிப் பக்கம், தம்பி. நான் படம் எடுப்பதில்லை, சத்தத்தைப் பதிவு செய்து வைக்கிறேன். மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி திறந்தாலும் கல்லணை கடந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருப்போம். முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். வெடித்த மண் அதைக் குடிக்கும்போது ஒரு சலசலப்பு, பிறகு குமிழி விடும் ஓசை. மேல்வயல்காரர் வரப்பிலிருந்து குரல் கொடுப்பதும் அந்தப் பதிவில் இருக்கிறது. கோடையில் மனம் வறண்டால் அதைப் போட்டுக் கேட்பேன். தினமும் கேட்கக் கூடாது, மழுங்கிவிடும்.

ஐயாற்று ஆசிரியை:
தம்பி, தலைத்திவசம்கூட ஆகாத துக்கம். விளக்கு வைக்கும் நேரம் கனப்பது இயல்புதான்.

உங்கள் குறிப்பில் "சந்தோஷம்" என்ற முடிவு இருக்கிறது, அதைக் கொண்டுவந்த காட்சி இல்லை. தங்கை மகன் வந்தபோது செருப்பை எங்கே உதறினான்? முதலில் என்ன கேட்டான்? அதை எழுதுங்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெர்னர்-சைட்லரும் மோல்ட்ஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மனச்சோர்வில் இருப்பவர்களும் அதிலிருந்து மீண்டவர்களும் இனிய நினைவு ஒன்றை எடுத்துக்கொண்டு, அது ஏன் நடந்தது, அதற்கு என்ன பொருள் என்று யோசித்தபோது மனம் தெளியவில்லை. என்ன பார்த்தோம், என்ன கேட்டோம், எப்படி நடந்தது என்று அந்த நேரத்துக்குள் புகுந்தபோது தெளிந்தது. படித்ததும் எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளிடம் நான் கேட்டதும் இதுதான்.

என் குறிப்பேட்டிலிருந்து ஒன்று: "ஆடிப்பெருக்கு. புஷ்ய மண்டபப் படித்துறை. பேத்தியின் பாவாடை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காதோலை கருகமணியை விட்டுவிட்டாள். காப்பரிசியை மட்டும் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, காவேரிக்குப் பாதி எனக்குப் பாதி என்று பேரம் பேசுகிறாள். வெல்லம் பிசுபிசுக்க விரல்களைப் பிரித்துக் காட்டுகிறாள். என் மணிக்கட்டில் கட்டிய நூலிலிருந்து மஞ்சள் வழிந்து புடவைக் கரையில் பட்டது." இதில் "சந்தோஷம்" என்ற சொல்லே இல்லை. எப்போது படித்தாலும் அந்தப் பிசுபிசுப்பு என் கைக்கு வந்துவிடுகிறது.

எழுதுவதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் பழகிய ஓர் இடத்தில் வைத்துவிடுங்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வரும் பஸ் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டும். வேலைக்குப் போய்வந்த வழி அது, கண்ணை மூடினாலும் தெரியும். வடவாற்றுப் பாலத்தில் என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்த நாள். வெண்ணாற்றில், கணக்கில் தேறவே மாட்டாள் என்று எல்லோரும் கைவிட்ட மாணவி மதிப்பெண் பட்டியலோடு ஓடி வந்தது. காவிரிப் பாலத்தில் பேத்தியின் காப்பரிசி. மனம் சரியில்லாத இரவில் கண்ணை மூடி, மனத்துக்குள்ளேயே பழைய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறிவிடுவேன். பாலம் வந்தால் நினைவும் வரும்; தேட வேண்டியதில்லை. சோர்ந்த மனத்துக்குத் தேடுவதுதான் பெரும்பாடு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் டிம் டால்கிலீஷ் குழுவினர் 2013இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். மனச்சோர்வுள்ளவர்களிடம் 15 நல்ல நினைவுகளைச் சேகரித்து, ஒரு பகுதியினரைப் பழகிய வழித்தடத்தில் அவற்றைப் பொருத்தி வைக்கச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் கேட்டபோது, வழித்தடத்தில் வைத்தவர்களுக்கே அவை நன்றாக நினைவில் நின்றன. உங்கள் ஊரில் மணிக்கூண்டும் துலாக்கட்டமும் இருக்கின்றனவே!

குடந்தை ஆலோசகர்:
டீச்சர் அம்மா சொன்ன முறை நல்லது. மனநல ஆலோசனை தருபவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவருக்கு இனிய நினைவு எப்போதும் கைகொடுப்பதில்லை. யோர்மன், சீமர், காட்லிப் ஆகியோரின் 2007ஆம் ஆண்டு ஆய்வில் அப்படிப்பட்டவர்களின் மனநிலை நினைவுகூர்ந்த பிறகும் ஏறவில்லை. அன்று எப்படி இருந்தேன், இன்று எப்படி ஆகிவிட்டேன் என்று மனம் ஒப்பிடத் தொடங்கினால் குறிப்பேட்டை மூடிவிட்டு எழுந்து நடக்கலாம், அதில் தவறில்லை. அப்பா வரும் நினைவுகளை இப்போதைக்குத் தனியாக வையுங்கள், வேறு நினைவுகளில் தொடங்குங்கள். தினமும் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி சொல்லத் தோன்றியவற்றை வாரம் ஒரு முறை மட்டும் எழுதியவர்களுக்கும் பலன் தெரிந்தது. வாரக்கணக்கில் தூக்கம், பசி இரண்டும் கெட்டால், வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

மாயூரத்தான்:
அனைவருக்கும் நன்றி. தூக்கமும் பசியும் பரவாயில்லை, ஐயா. எண்ணைக் குறித்துக்கொண்டேன். டீச்சர் அம்மா, நேற்று எழுதிப் பார்த்தேன்: "தங்கை மகன் வாசற்படியில் இடது செருப்பை மட்டும் கழற்றிவிட்டு, வலது கால் செருப்போடு கூடத்துக்குள் ஓடினான். மாமா, உன் கடை உரத்தை நான் தின்றால் உயரமாக வளர்வேனா என்று கேட்டான். தங்கை துடைப்பத்தைத் தூக்கினாள்." எழுதும்போதே சிரித்துவிட்டேன். இதை மணிக்கூண்டில் வைக்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு நினைவுகள் வைக்கலாமா?

ஐயாற்று ஆசிரியை:
வேண்டாம், தம்பி. ஒன்றோடு ஒன்று குழம்பும். மணிக்கூண்டு அந்தக் குறும்பனுக்கே இருக்கட்டும். அடுத்ததற்குத் தெருமுனைக் கடையோ பஸ் நிறுத்தமோ போதும். முதல் வாரம் காலையில் கடைக்குப் போகும்போது நிஜமாகவே அந்த இடங்களைப் பார்த்துக்கொண்டு போங்கள், சீக்கிரம் பதிந்துவிடும்.