கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டுங்கள்: சின்ன இசை நிறுவனம் நடத்தியவர்களின் அனுபவங்கள்

சாலிகிராமத்தில் எட்டு வருடமாக ஒரு சின்ன இசைத் தயாரிப்பு நிறுவனம் நடத்துகிறேன். சினிமாப் பாட்டு கிடையாது. தனிப்பாடல்கள், மேளம் கலந்த ஆல்பங்கள், அவ்வளவுதான். நான் இன்று கடைப்பிடிக்கும் விதிகளில் பாதி ஒரே மதியத்தில் பிறந்தவை.

அன்று தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு நாதஸ்வரக் கலைஞர் வந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். பாட்டின் தொடக்கத்துக்கு எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வேண்டும். மைக் வைத்து லெவல் பார்க்கும்போது, வாயில் வைத்து ஊதும் சீவாளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பிடி (இசைத் துணுக்கு) வாசித்தார். எஞ்சினியர் தம்பி ரெக்கார்டிங்கை ஏற்கெனவே ஓடவிட்டிருந்தான். அந்தப் பிடிதான் பாட்டுக்கே உயிராகிவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் முணுமுணுத்தது அதைத்தான்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. வழக்கம்போல இரண்டு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டினேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். "எல்லா உரிமையும், உலகம் முழுக்க, நிரந்தரமாக" என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கே நாக்குத் தடுமாறியது.

"நிரந்தரம்னா? என் பையனும் வாசிக்கிறான். நாளைக்கு ஒரு கல்யாண வீட்ல அவன் இந்தப் பிடிய வாசிச்சா உங்ககிட்ட கேக்கணுமா?"

என்னிடம் பதில் இல்லை. எங்கிருந்தோ எடுத்து, பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்த ஒப்பந்தம் அது. பேசிய பணத்தை அவர் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்காமலே பஸ் ஏற்றிவிட்டோம்.

அப்புறம் ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்தேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் ஒரு முக்கியமான திருத்தம் வந்திருக்கிறது. பாடலாசிரியரும் இசையமைத்தவரும் பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் ராயல்டியில் தங்கள் பங்கைத் தம் வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கொள்வார்கள். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு பாதுகாப்பு என்றால், வாசித்த கலைஞருக்கும் தனியாக 50 ஆண்டு உரிமை உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமலே இரண்டு வருடம் பாட்டு வெளியிட்டிருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

ஒன்றரைப் பக்கத்தில் தமிழில் புதிதாக எழுதிக்கொண்டு அவர் ஊருக்கே போனோம். திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் உரக்க வாசித்தேன். அவர் மகன் போனில் பதிவு செய்துகொண்டார். மெட்டில் 20 சதவீதம் அவருக்கு. எந்த மேடையிலும் அவரோ அவர் பிள்ளைகளோ அந்தப் பிடியை வாசிக்கலாம். ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தன் பெயரை நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து மைக் ஆன் ஆகுமுன், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு பங்குத் தாள் எழுதிவிடுகிறோம். வாசித்தவர் படியிறங்குமுன் பணம் கொடுத்துவிடுகிறோம். செலவு போக மிச்சத்தில் பாதி கலைஞருக்கு. இந்தப் பாதிக்குப் பாதி முறையை 1980இல் வாஷிங்டனில் தொடங்கிய டிஸ்கார்ட் என்ற இசை நிறுவனத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். அவர்கள் எழுத்தில் எதுவும் போடாமல் வாய்ப்பேச்சு நம்பிக்கையிலேயே நடத்தினார்கள். அதை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. கலைஞர் காலமான பிறகு அவர் மனைவி வந்து கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

* * *

அண்ணா, காகிதம் இல்லாமல் நாங்களும் மாட்டிக்கொண்டோம். எங்களுக்குச் சிக்கல் வந்தது ஒரு லூப்பால், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒரு சின்ன இசைத் துணுக்கால்.

கோயம்புத்தூரில் மூன்று நண்பர்கள் சேர்ந்து செய்த முதல் பாட்டு. காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் பேக்கிலிருந்து (யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தும் ஒலித் தொகுப்பு) ஒரு கிட்டார் லூப் போட்டிருந்தோம். அதே லூப்பை வைத்து வேறு யாரோ ஒரு பாட்டு செய்து, யூடியூபில் ஒரே ஒலி எங்கே வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் பாட்டு வெளியான அன்றே, அது தங்களுடையது என்று அவர்கள் பெயரில் கிளெய்ம் வந்துவிட்டது. ஆட்சேபித்தோம். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. லூப்பை வாங்கிய பில்லைத் தேடினால், பாதியில் பிரிந்துபோன நண்பனின் மெயிலில் இருக்கிறது! அவனைச் சமாதானம் செய்து அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஃபோல்டர். பில், லைசென்ஸ், பங்குத் தாள், ஸ்டெம்ஸ் (வாத்தியம் வாரியான தனித்தனி ஒலிக் கோப்புகள்) எல்லாம் அதில்தான். லூப் போட்ட பாட்டை நாங்கள் கன்டென்ட் ஐடியில் பதிவதே இல்லை. எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்க வேண்டாம்.

* * *

நான் பாட்டெழுதுகிறவள். ஒரு நிறுவனம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தது. அதன் பிறகு கணக்கு என்று ஒரு வரிகூட வரவில்லை, நான்கு முறை கேட்டும். இன்னொன்று, இரண்டே பேர் நடத்துவது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தை அவர்களே கூட உட்கார்ந்து நிரப்பித் தந்தார்கள். 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவு ராயல்டி வராது என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு வருகிறது. கடைசியாக வந்தது 214 ரூபாய். அவர்களுக்குத்தான் இப்போது ஆறாவது பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சார், அந்தத் தமிழ் ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைக்குமா?

* * *

கட்டாயம் தருகிறேன் அம்மா. பெயர்களை நீக்கிவிட்டு நாளை அனுப்புகிறேன். மூன்றாவது பத்தியில் வாரிசின் பெயருக்கு இடம் விட்டிருக்கும். அதைக் கலைஞரே தன் கையால் நிரப்பட்டும்.