உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் வளைவாள்: அவசர உதவி தேவை

அரைகுறைக் கலைஞன் (செவ்வாய், இரவு 11.40)
வணக்கம். என் வாளை உருவும்போதெல்லாம் அதன் நடுப்பகுதி உறையைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் வெளியே வந்துவிடுகிறது. அசாசின்ஸ் கிரீட் விளையாட்டில் வரும் இரகசியக் குழுவினர் வைத்திருப்பதைப் போன்ற வளைந்த வாள். உறையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அப்போது பார்க்கவே சகிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். தயவுசெய்து யாராவது உதவுங்கள்.

பழைய பட்டறை (செவ்வாய், இரவு 11.58)
தம்பி, மர உறையா, தோல் உறையா என்று சொல்லவில்லையே. நாடகக் குழுக்களுக்கு வாளும் கேடயமும் செய்து கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன். மரத்தை இரு பாதிகளாகக் குடைந்து ஒட்டி, மேலே தோலைப் போர்த்துவதுதான் பழைய முறை. குடைவை வாளின் அளவுக்கே இறுக்கமாக வெட்டிவிட்டால் வளைந்த வாள் நிச்சயமாக உள்ளே உரசும். தோலை மட்டும் நனைத்து வாளின் மேல் இழுத்துக் காயவைத்திருந்தால், காய்ந்தபின் அது சுருங்கித் தையலில்தான் பிளக்கும். கிழிந்த இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

முப்பரிமாணி (புதன், காலை 7.05)
அவர் உண்மையான வாளைப் பற்றிக் கேட்கவில்லை, கணினியில் செய்யும் முப்பரிமாண வாளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். எந்த மென்பொருள், பிளெண்டரா, மாயாவா, அல்லது நேரடியாக கேம் என்ஜினுக்குள்ளேயே செய்கிறீர்களா? பிளெண்டர் என்றால் ஐயமே வேண்டாம்: ஸ்கேலை அப்ளை செய்திருக்க மாட்டீர்கள், அதாவது மாற்றிய அளவைப் பொருளின் வடிவத்திலேயே நிலைப்படுத்தியிருக்க மாட்டீர்கள். இங்கே வரும் பத்துப் பிரச்சினைகளில் ஒன்பதுக்கு அதுதான் காரணம். வாளையும் உறையையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையுடன் ஏ அழுத்தி, ஸ்கேலை அப்ளை செய்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

ஏட்டறிஞர் (புதன், காலை 9.20)
"மொட்டைத் தாத்தன் குட்டையில் விழுந்தான்" என்ற கதையாக இருக்கிறது கேள்வி. எந்த மென்பொருள், எந்தக் காலத்து வாள், எத்தனை அளவு என்று ஒன்றும் இல்லை. கேள்வி கேட்பதற்கு முன் பதினைந்து நிமிடம் செலவழித்து விவரங்களை எழுதினால், மற்றவர்களுடைய பதினைந்து மணி நேரம் மிச்சமாகும் என்பதை இங்கே நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதைவிட, அடிப்படையே தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரகசியக் குழுவின் வரலாற்று மூலமாகக் கருதப்படும் நிசாரி இஸ்மாயிலிகள் என்னும் ஷியா முஸ்லிம் பிரிவினரின் ஃபிதாயிகள், அதாவது உயிரைப் பணயம் வைத்துக் கொல்லப் புறப்பட்டவர்கள், வளைந்த வாளைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை. அவர்களுடைய ஆயுதம் குறுவாள். 1092இல் செல்ஜூக் அமைச்சர் நிசாமுல் முல்க்கைக் கொன்றதும், 1192இல் தயர் நகரத் தெருவில் சிலுவைப்போர்த் தலைவர் கான்ராடைக் கொன்றதும் குறுவாளால்தான். குறுவாளை வையுங்கள், உறைப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

அரைகுறைக் கலைஞன் (புதன், மதியம் 1.15)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். பிளெண்டர்தான். கல்லூரித் திட்டத்துக்காக ஒரு வீரன் வாளை உருவும் மூன்று விநாடிக் காட்சி. ஸ்கேலை அப்ளை செய்தேன், மாற்றம் இல்லை. பழைய பட்டறை ஐயாவுக்கு நன்றி, ஆனால் தோல் இல்லை. வாள் வேண்டும் என்பது ஆசிரியரின் நிபந்தனை என்பதால் குறுவாள் வைக்க முடியாது.

முப்பரிமாணி (புதன், மதியம் 1.40)
வாளுக்கு மட்டும் அப்ளை செய்தீர்களா, உறைக்கும் செய்தீர்களா? வீரனின் உருவத்தை அசைக்கும் எலும்புக்கூட்டுக்கும் செய்ய வேண்டும். அதையும் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

குதிரைக்காரி (புதன், மதியம் 2.30)
கேட்டவருடைய சிக்கலுக்கு வருவதற்கு முன், ஏட்டறிஞர் ஐயா எழுதியதில் பாதிதான் சரி என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஃபிதாயி ஒருவரைக் கொல்லப் புறப்படும்போது குறுவாளை எடுத்துச் சென்றான் என்பது உண்மை. ஆனால் 1090இல் நிசாரித் தலைவர் ஹசன் சப்பாஹ் கைப்பற்றிய ஈரானின் அலமுத்திலும், சிரியாவில் ரஷீதுத்தீன் சினானின் கையில் இருந்த மஸ்யாஃபிலும் கோட்டைக் காவலுக்குப் படைவீரர்கள் இருந்தார்களே, அவர்கள் குறுவாளைக் கொண்டு மதிலைக் காத்தார்களா? கொலையாளியின் ஆயுதம் வேறு, காவற்படையின் ஆயுதம் வேறு.

ஏட்டறிஞர் (புதன், மாலை 4.10)
காவலருக்கு வாள் இருந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வாள் வளைந்திருந்தது என்பதைத்தான் மறுக்கிறேன். முதல் விளையாட்டின் கதை நடக்கும் 1191இல் மேற்கு ஆசியாவில் புழங்கியவை நேர் வாள்களே. வளைவாள் என்பது பிற்காலக் கற்பனை.

குதிரைக்காரி (புதன், மாலை 4.45)
கற்பனை என்று ஒரே வீச்சில் தள்ளிவிட வேண்டாம். யூரேசியப் புல்வெளிக் குதிரை வீரர்களிடம், குறிப்பாக ஹங்கேரியரின் முன்னோரான மகியார்களிடம், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு பக்கம் மட்டும் கூருள்ள, மெல்ல வளைந்த வாள்கள் இருந்தன. அதே புல்வெளி மரபிலிருந்து வந்த துருக்கியர் செல்ஜூக் பேரரசாக மேற்கு ஆசியாவுக்குள் நுழைந்தது பதினோராம் நூற்றாண்டில். ஆகவே 1191இல் இலேசான வளைவுள்ள வாள் ஒன்று ஒரு குதிரைவீரனின் இடுப்பில் தொங்கியது என்று காட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது. அரபு நாடுகளில் நேர் வாள்தான் நீண்ட காலம் பெரும்பான்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாம் இன்று ஷம்ஷீர் என்னும் பாரசீக வாள் என்றவுடன் மனத்தில் காணும் பிறைநிலாப் போன்ற ஆழ்ந்த வளைவு, ஈரானில் சஃபாவியர் காலத்தில், அதாவது பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் நிலைபெற்றது. தவறு வளைவில் இல்லை, வளைவின் அளவில்தான் இருக்கிறது.

அந்த விளையாட்டு வரிசையில் காலப்பிழை தேடுவதென்றால் 2017இல் வந்த எகிப்துக் கதையில் தேடுங்கள். கிளியோபாட்ரா காலத்து வீரன் கையில் கோபெஷ் என்னும் அரிவாள் போன்ற வாளைக் கொடுத்திருக்கிறார்கள். அது வழக்கொழிந்து அப்போதே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

கணக்கு வாத்தியார் (புதன், மாலை 6.05)
வரலாற்றைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டிய பிள்ளையைப் பார்ப்போம். எனக்கு பிளெண்டர் சிறிதளவுதான் தெரியும், வடிவக் கணிதம் தெரியும். தம்பி, நீங்கள் வாளுக்கு, அசைவின் நிலையைக் குறிக்கும் கீ ஃப்ரேம் இரண்டே இரண்டுதான் வைத்திருப்பீர்கள்: உறைக்குள் இருக்கும் நிலை ஒன்று, முழுவதும் வெளியே வந்த நிலை ஒன்று. அப்படி வைத்தால் மென்பொருள் வாளின் கைப்பிடியை அவ்விரு புள்ளிகளுக்கும் இடையே நேர்கோட்டில் இழுத்துச் செல்லும். நேர் வாளுக்கு அது சரி. வளைந்த வாளை நேர்கோட்டில் இழுத்தால், நடுவில் புடைத்திருக்கும் பகுதி உறையின் சுவரை ஊடுருவாமல் வேறு எங்கே போகும்?

ஒரு வட்டவில் தன்மேல் தானே வழுக்கிச் செல்ல ஒரே வழிதான் உண்டு, அது தன் வட்டத்தின் மையத்தைச் சுற்றித் திரும்புவது. எனவே வாளை நகர்த்தாதீர்கள், சுழற்றுங்கள். அதற்கு ஆரம் தெரிய வேண்டும். வாளின் இரு முனைகளையும் இணைக்கும் நாணின் நீளம் எவ்வளவு, நாணின் நடுவிலிருந்து வாள்வரை உள்ள ஆழம் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்.

அரைகுறைக் கலைஞன் (புதன், இரவு 9.30)
ஆம், இரண்டு கீ ஃப்ரேம்தான். நாண் 72 சென்டிமீட்டர், ஆழம் 6.

கணக்கு வாத்தியார் (புதன், இரவு 9.50)
நன்று. நாணின் வர்க்கத்தை ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்து, ஆழத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும். 5184ஐ 48ஆல் வகுத்தால் 108, அதனுடன் 3ஐக் கூட்டினால் 111 சென்டிமீட்டர். வாளின் முழு நீளமும் அந்த வட்டத்தில் ஏறத்தாழ 38 பாகை. கூர்ப்பக்கம் வெளியே புடைத்திருப்பதால் மையம் வாளின் முதுகுப் பக்கத்தில் இருக்கும். கூர் கீழ்நோக்கித் தொங்குமாறு உறையை மாட்டியிருந்தால் மையம் இடுப்புக்கு மேலே, காற்றில் வரும். அந்த இடத்தில் ஓர் எம்ப்டியை, அதாவது காட்சியில் தெரியாத வெற்றுப் பொருளை வைத்து, வாள் அதனுடன் சேர்ந்து திரும்புமாறு அதற்குப் பேரன்ட் செய்து, எம்ப்டியை ஒரே அச்சில் 38 பாகைக்குச் சற்று அதிகமாகச் சுழற்றுங்கள். வாளின் முனை உறைவாயைத் தாண்டும்வரை கை வாளைப் பின்தொடரட்டும். தாண்டியபின் வாள் கையைப் பின்தொடரட்டும். அந்த மாற்றத்துக்கு சைல்ட் ஆஃப் என்னும் கட்டுப்பாட்டின் மதிப்பை ஒரே ஃப்ரேமில் மாற்றினால் போதும்.

முப்பரிமாணி (புதன், இரவு 10.15)
வாத்தியார் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் ஸ்கேல் அப்ளை ஆகாமல் இருந்தால் எம்ப்டிக்குப் பேரன்ட் செய்யும்போதும் வாள் கோணலாகத்தான் திரும்பும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அரைகுறைக் கலைஞன் (வியாழன், காலை 8.10)
முக்கால்வாசி சரியாகிவிட்டது! ஆனால் கடைசி மூன்றில் ஒரு பங்கு வெளிவரும்போது முனை மட்டும் இன்னும் உறைவாயைக் கிழிக்கிறது. ஸ்கேல் எல்லாவற்றுக்கும் அப்ளை செய்திருக்கிறேன்.

கணக்கு வாத்தியார் (வியாழன், காலை 8.40)
அப்படியென்றால் உங்கள் வாள் ஒரே வட்டவில் அல்ல. வாளை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியே ஆழத்தை அளந்து சொல்லுங்கள். உண்மையான வட்டவில்லாக இருந்தால் இரண்டு பாதியிலும் ஏறத்தாழ 1.5 வர வேண்டும்.

அரைகுறைக் கலைஞன் (வியாழன், காலை 9.25)
கைப்பிடிப் பாதியில் 0.5, முனைப் பாதியில் 2.5. முனைப் பக்கம் வாள் சற்று அகன்றும் இருக்கிறது. துருக்கி வாள் என்று ஓர் அருங்காட்சியகப் படத்தைப் பார்த்துச் செய்தேன்.

ஏட்டறிஞர் (வியாழன், காலை 9.40)
இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை பேர் இத்தனை எழுதியிருக்க வேண்டியதில்லை.

கணக்கு வாத்தியார் (வியாழன், காலை 10.05)
ஓர் உறையில் இரண்டு வாள் இருக்க முடியாது என்பார்கள். உங்களுடைய ஒரே வாளுக்குள் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. கைப்பிடிப் பாதியின் ஆரம் மூன்று மீட்டருக்கும் மேல், முனைப் பாதியின் ஆரம் முக்கால் மீட்டருக்கும் குறைவு. எந்த ஒரு மையத்தைச் சுற்றித் திருப்பினாலும் இரண்டில் ஒன்று சுவரை இடித்தே தீரும். வாளை 111 சென்டிமீட்டர் ஆரத்தில் சீரான வில்லாக மாற்றிவிடுவது ஒரு வழி.

குதிரைக்காரி (வியாழன், காலை 10.30)
நீங்கள் பார்த்துச் செய்திருப்பது கிலிஜ் என்னும் உஸ்மானியத் துருக்கி வாள். முனைக்கு அருகே அகன்றிருக்கும் அந்தப் பகுதிக்கு யெல்மான் என்று பெயர். வீச்சின் எடையை முனைப் பக்கம் சேர்ப்பதற்காக அப்படி அடித்தார்கள். நல்ல வேளையாக, உங்களுக்கு வந்திருக்கும் இதே சிக்கல் அந்தக் கொல்லர்களுக்கும் வந்தது. முனை அகன்று, வளைவும் அங்கேயே கூடுதலாக இருக்கும் வாள் இறுக்கமான உறைவாய் வழியாக நுழையாது. உள்ளே முழுவதும் அகலமாகக் குடைந்தால் வாள் கடகடவென்று ஆடும். அதனால் உறைவாயிலிருந்து கீழ்நோக்கி, வாளின் முதுகு வரும் பக்கத்தில், ஒரு நீண்ட பிளவை விட்டார்கள். உருவும்போது வாள் சிறிது தொலைவு நேராக வந்து, பிறகு அந்தப் பிளவின் வழியே முதுகுப் பக்கமாகச் சாய்ந்து வெளியேறும். வாளை மாற்றாதீர்கள், உறையில் பிளவு விடுங்கள். பழைய உறைகளின் படத்தை முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் சொல்வது தெரியும். பெரும்பாலான படங்கள் பக்கவாட்டில் எடுக்கப்படுவதால் அது கண்ணில் படுவதில்லை.

பழைய பட்டறை (வியாழன், காலை 11.00)
அம்மா சொல்வது முற்றிலும் சரி. ஒரு நாடகத்துக்கு இப்படிப்பட்ட வாள் ஒன்றைச் செய்துவிட்டு, உறைக்குள் போகவில்லை என்று முனையை அரத்தால் தேய்த்துச் சிறிதாக்கியவன் நான். உறையின் முதுகைத் திறந்துவிடலாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

ஏட்டறிஞர் (வியாழன், மதியம் 12.20)
யெல்மான் உள்ள கிலிஜ் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1191ஆம் ஆண்டுக் காட்சிக்கு அது முந்நூறு ஆண்டுப் பிழை என்பதை யாராவது குறிப்பிட வேண்டும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

குதிரைக்காரி (வியாழன், மதியம் 12.35)
அவருடைய காட்சி 1191இல் நடக்கிறது என்று அவர் எங்கே சொன்னார்? அந்த ஆண்டைக் கொண்டுவந்தவர் நீங்கள்தான். அதே வரிசையில் 2011இல் வந்த கதை 1511இல் உஸ்மானியரின் கான்ஸ்டான்டிநோபிளில் நடக்கிறது. அங்கே கிலிஜ் இருப்பதுதான் முறை.

ஏட்டறிஞர் (வியாழன், மதியம் 1.00)
எந்த ஆண்டு என்று அவர் சொல்லவில்லை என்பதுதான் முதல் நாளிலிருந்தே என் குற்றச்சாட்டும்.

முப்பரிமாணி (வியாழன், மாலை 5.30)
கேட்டவர் இருக்கிறாரா? எலும்புக்கூட்டின் ஸ்கேல் மதிப்பு ஒன்று என்று காட்டுகிறதா?

அரைகுறைக் கலைஞன் (சனி, காலை 6.50)
சரியாகிவிட்டது, ஒப்படைத்துவிட்டேன். உறையின் முதுகில் பிளவு விட்டு, முதல் பாதியை நேராக இழுத்து, மீதியைச் சுழற்றினேன். காட்சி நடப்பது 1511இல்தான். அனைவருக்கும் நன்றி.

கணக்கு வாத்தியார் (சனி, காலை 7.15)
மகிழ்ச்சி தம்பி. பிளவை எத்தனை சென்டிமீட்டர் விட்டீர்கள், எந்த மையத்தைச் சுற்றித் திருப்பினீர்கள் என்று எழுதிவிட்டுப் போனால், இதே சிக்கலுடன் அடுத்து வருபவருக்கு உதவும்.

கணக்கு வாத்தியார் (அடுத்த வியாழன், இரவு 8.00)
தம்பி?